வீட்டுக்கு எந்தத் தண்ணீர் சுத்திகரிப்பு முறை? பரிசோதனை முதல் பராமரிப்பு வரை முழுமையான வழிகாட்டி

சுத்திகரிப்புக் கருவி வாங்கக் கிளம்புகிற பலரிடம் இருப்பது ஒரே ஒரு எண்: டி.டி.எஸ். பேனா அளவில் இருக்கும் ஒரு மீட்டரைத் தம்ளரில் முக்கி, "400 காட்டுகிறது, ஆர்.ஓ. கட்டாயம்" என்று விற்பவர் சொன்னதும் முடிவு எடுக்கப்பட்டுவிடுகிறது. (ஆர்.ஓ. என்பது நுண்சவ்வு வழியாகத் தண்ணீரை அழுத்தி உப்பைப் பிரிக்கும் கருவி.) அந்த மீட்டர் அளப்பது தண்ணீரின் மின்கடத்துத் திறனை மட்டும்தான். அதை வைத்துக் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவைக் கணக்குப் போட்டுக் காட்டுகிறது. எந்த உப்பு என்று அதற்குத் தெரியாது. கிருமிகள் அதன் கண்ணில் படாது. ஆர்செனிக்குக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம், மீட்டர் காட்டக்கூடிய மிகச்சிறிய மாற்றமே 1 மில்லிகிராம். ஆகவே 150 காட்டும் தண்ணீர் ஆபத்தானதாக இருக்கலாம், 500 காட்டும் தண்ணீர் எந்தக் கருவியும் இல்லாமல் குடிக்கத் தகுந்ததாகவும் இருக்கலாம்.

எனவே கருவியைப் பற்றி யோசிக்கும் முன், தண்ணீரில் என்ன இருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க வேண்டும். கீழே உள்ள வரிசையில் போனால் தேவையில்லாத பெட்டி எதுவும் சுவரில் ஏறாது.

படி 1: குடிநீர் வேறு, புழங்கும் நீர் வேறு

ஒருவருக்குக் குடிக்கவும் சமைக்கவும் சேர்த்து நாளொன்றுக்கு ஏறக்குறைய 5 லிட்டர் போதும். குளியல், துணி, கழிப்பறை எல்லாம் சேர்ந்தால் 100 முதல் 150 லிட்டர். இந்த இரண்டுக்கும் தேவைப்படும் தரம் ஒன்றல்ல. கழிப்பறையில் ஊற்றும் தண்ணீரில் ஃபுளோரைடு இருந்தால் யாருக்கும் கேடில்லை. ஆனால் இரும்பும் கடினத்தன்மையும் குழாய், வாஷிங் மெஷின், ஹீட்டர் எல்லாவற்றையும் கெடுக்கும்.

ஆகவே சிக்கல்களை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கலங்கல், இரும்பு, கடினத்தன்மை, நாற்றம் போன்றவை வீடு முழுவதையும் பாதிப்பவை. இவற்றைத் தண்ணீர் வீட்டுக்குள் நுழையும் இடத்திலேயே சரிசெய்ய வேண்டும். ஃபுளோரைடு, நைட்ரேட், ஆர்செனிக், ஈயம், அதிக உப்பு ஆகியவை உடலுக்குள் போவதால் கெடுப்பவை. இவற்றுக்குச் சமையலறைக் குழாயில் ஒரு சிறிய கருவி போதும். கிருமிகள் மட்டும் இரண்டு பக்கமும் வரும். கிணற்று நீரில் மலக்கிருமி தெரிந்தால் பல் துலக்கும் குழாயும் கணக்கில் சேரும் என்பதால், வீடு முழுவதற்கும் கிருமிநீக்கம் செய்வதே முறை.

படி 2: காசில்லாமல் வீட்டிலேயே தெரிந்துகொள்ளக்கூடியவை

ஒரு கண்ணாடி ஜாடியில் தண்ணீர் பிடித்து வெளிச்சத்தில் வையுங்கள். பிடித்தவுடன் பழுப்பாக இருந்தால் இரும்பு ஏற்கெனவே துருவாகிவிட்டது. நல்ல வடிகட்டி அதில் பெரும்பகுதியைப் பிடித்துவிடும். பிடிக்கும்போது தெளிவாக இருந்து, சில மணி நேரத்தில் மஞ்சளாகி அடியில் படிந்தால் இரும்பு கரைந்த நிலையில் வருகிறது. அதை எந்த வடிகட்டித் துணியும் பிடிக்காது. முதலில் அதைத் துருவாக்க வேண்டும். ஃபிளஷ் தொட்டியின் உட்சுவரில் வழவழப்பான செம்பழுப்புப் பாசி போல் இருந்தால் அது இரும்பு பாக்டீரியா. கிணற்றுக்கே குளோரின் போட வேண்டியிருக்கும். கருப்புக் கறை என்றால் மாங்கனீஸைச் சந்தேகியுங்கள்.

வெண்மையாகப் பிடித்து, ஓரிரு நிமிடத்தில் அடியிலிருந்து மேல்நோக்கித் தெளிந்தால் அது காற்றுக்குமிழி. அதற்கு மருந்து வேண்டாம்.

அழுகிய முட்டை நாற்றம் வந்தால் குளிர்நீர், வெந்நீர் இரண்டையும் தனித்தனியாக முகர்ந்து பாருங்கள். வெந்நீரில் மட்டும் வந்தால் பெரும்பாலும் ஹீட்டருக்குள் இருக்கும் மெக்னீசியம் ஆனோடு கம்பிதான் காரணம். கம்பியை மாற்றினால் தீரும் விஷயத்துக்கு வீட்டு வாசலில் பெரிய ஃபில்டர் நிறுத்தியவர்கள் உண்டு. இரண்டிலும் வந்தால் தண்ணீரிலேயே ஹைட்ரஜன் சல்பைடு இருக்கிறது.

சோப்பு நுரைக்காமல் திரிதிரியாகத் திரள்வதும், ஷவர் துளைகள் வெள்ளையாக அடைபடுவதும் கடினத்தன்மையின் அடையாளங்கள். தண்ணீர் கரிப்பாக இருப்பது வேறு, கடினமாக இருப்பது வேறு. கடினத்தன்மைக்குக் காரணம் கால்சியமும் மெக்னீசியமும். கரிப்புக்குக் காரணம் பெரும்பாலும் சோடியம் குளோரைடு. இரண்டுக்கும் கருவி வேறு.

படி 3: ஆய்வகப் பரிசோதனை

சொந்தக் கிணறோ ஆழ்துளைக் கிணறோ என்றால் குறைந்தது இவற்றைக் கேட்டு வாங்குங்கள்: பி.எச்., கலங்கல், டி.டி.எஸ்., மொத்தக் கடினத்தன்மை, காரத்தன்மை, இரும்பு, மாங்கனீஸ், குளோரைடு, சல்பேட், நைட்ரேட், ஃபுளோரைடு, ஈ.கோலை (மலக்கிருமி). அந்த நிலப்பகுதியில் ஆர்செனிக்கோ யுரேனியமோ இருப்பதாகத் தெரிந்தால் அவற்றையும் சேர்க்க வேண்டும். குழாய்வழி வரும் பொது நீர் என்றால் எஞ்சிய குளோரின், கடினத்தன்மை, ஈ.கோலை, கட்டடம் பழையதாக இருந்தால் ஈயம், இவை போதும்.

முடிவு தவறாகப் போவது பெரும்பாலும் மாதிரி எடுக்கும் விதத்தில்தான். கிருமிச் சோதனைக்கு ஆய்வகம் தரும் கிருமிநீக்கிய பாட்டிலை மட்டும் பயன்படுத்துங்கள். உள்ளே இருக்கும் சிறு பொடியைக் கழுவி ஊற்றிவிடாதீர்கள். குளோரினை முறிக்க வைத்த சோடியம் தயோசல்பேட் அது. குழாய் வாயில் உள்ள வலையைக் கழற்றி, வாயைத் துடைத்துக் கிருமிநாசினி தடவி, 5 நிமிடம் தண்ணீரை ஓடவிட்டு, பாட்டிலின் வாயிலோ மூடியின் உட்பக்கமோ விரல் படாமல் பிடியுங்கள். ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே கொடுத்துவிட வேண்டும். 24 மணி நேரத்துக்கு மேல் ஆன மாதிரி நம்பத்தக்கதல்ல.

ஈயத்துக்கு முறை நேர்மாறானது. குறைந்தது 6 மணி நேரம் யாரும் குழாயைத் திறக்காமல் இருந்து, காலையில் வரும் முதல் 1 லிட்டரைப் பிடிக்க வேண்டும். ஈயம் வருவது வீட்டுக் குழாயிலிருந்தும் இணைப்புகளிலிருந்தும் என்பதால், ஓடவிட்டுப் பிடித்தால் தெரியாமல் போகும். நாற்றம் தரும் ஹைட்ரஜன் சல்பைடு பாட்டிலில் தங்காது. குழாயடியிலேயே சோதனைக் கிட் வைத்துப் பார்ப்பதுதான் வழி.

மழைக்குப் பின் ஒரு முறையும், வறண்ட பருவத்தின் கடைசியில் ஒரு முறையும் எடுத்தால் முழுப் படம் கிடைக்கும். மழை கிருமியைக் கொண்டுவரும், வறட்சி உப்பைச் செறிவாக்கும். கருவியைத் தேர்ந்தெடுக்க இரண்டில் மோசமான எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 4: அறிக்கையைப் படிப்பது

எண்கள் எல்லாம் லிட்டருக்கு மில்லிகிராம்.

ஈ.கோலை: 100 மி.லி.யில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. இதில் பேரம் இல்லை.
ஃபுளோரைடு: 1.5.
நைட்ரேட்: 50. நைட்ரஜனாகக் குறித்திருந்தால் அதே அளவு ஏறக்குறைய 11 ஆகும். எந்த முறையில் எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்காமல் பயப்படவும் வேண்டாம், நிம்மதி அடையவும் வேண்டாம்.
ஆர்செனிக், ஈயம்: ஒவ்வொன்றும் 0.01.
இரும்பு: 0.3-க்கு மேல் போனால் துணியிலும் தரையிலும் கறை.
மொத்தக் கடினத்தன்மை: 60 வரை மென்னீர், 120 வரை நடுத்தரம், 180 வரை கடினம், அதற்கு மேல் மிகக் கடினம்.
டி.டி.எஸ்.: 600-க்குள் இருந்தால் பொதுவாகச் சுவை நன்றாக இருக்கும். 1000-ஐத் தாண்டினால் குடிக்கப் பிடிக்காது.

ஈ.கோலை, ஃபுளோரைடு, நைட்ரேட், ஆர்செனிக், ஈயம் ஆகியவை உடல்நலம் சார்ந்த எல்லைகள். இரும்பு, கடினத்தன்மை, டி.டி.எஸ். மூன்றும் பெரும்பாலும் சுவையையும் கறையையும் சார்ந்தவை. செலவை முதலில் எங்கே செய்வது என்பதற்கு இந்தப் பிரிவே விடை.

கொதிக்க வைப்பதைப் பற்றி இங்கேயே சொல்லிவிடலாம். நன்கு தளதளவென்று 1 நிமிடம் கொதித்தால் (2000 மீட்டருக்கு மேலான மலைப்பகுதியில் 3 நிமிடம்) கிருமிகள் சாகும். நைட்ரேட்டும் ஃபுளோரைடும் ஆர்செனிக்கும் போகாது. நீர் ஆவியாகிக் குறைவதால் அவற்றின் செறிவு கூடவே செய்யும். நைட்ரேட் அதிகமுள்ள நீரைக் கைக்குழந்தைக்குக் கொதிக்க வைத்துக் கொடுப்பது இதனால்தான் ஆபத்தானது.

படி 5: எந்தச் சிக்கலுக்கு எந்தக் கருவி

கலங்கல், மணல், துரு. நூல் சுற்றியது போன்ற பாலிப்ரொப்பிலீன் காட்ரிட்ஜ் போதும். மணல் நிறைய வந்தால் முதலில் 20 மைக்ரான், பிறகு 5 மைக்ரான் என்று இரண்டாக வையுங்கள். நேரே 5 வைத்தால் ஒரு வாரத்தில் அடைபடும். பெட்டியில் 'நாமினல்' என்று இருந்தால் சொன்ன அளவுத் துகள்களில் ஒரு பகுதி தப்பும். 'அப்சல்யூட்' என்றால் அநேகமாக எல்லாவற்றையும் பிடிக்கும். வீடு முழுவதற்கும் என்றால் 20 அங்குல ஜம்போ ஹவுசிங் (காட்ரிட்ஜ் உட்காரும் கூடு) வாங்குங்கள். 10 அங்குல ஒல்லி ஹவுசிங் சமையலறைக்குத்தான் சரி.

குளோரின் வாசனை, ரசாயனச் சுவை, கரிம வேதிப்பொருள்கள், பல பூச்சிக்கொல்லிகள். இவற்றுக்குக் கார்பன். குருணைக் கார்பனைவிட அழுத்திச் செய்த பிளாக் கார்பனில் தண்ணீர் குறுக்குவழி தேடிப் போக முடியாது என்பதால் சமையலறைக்கு அதுவே மேல். உப்பு, கடினத்தன்மை, நைட்ரேட், ஃபுளோரைடு எதையும் கார்பன் தொடாது. பொது நீரில் குளோரினுக்குப் பதில் குளோரமின் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது) கலந்திருந்தால் சாதாரணக் கார்பன் மெதுவாகத்தான் வேலை செய்யும். கேட்டலிட்டிக் கார்பன் தேவை. வீட்டு நுழைவிலேயே பெரிய கார்பன் தொட்டி வைக்கச் சொன்னால் கொஞ்சம் தயங்குங்கள். குளோரினை வாசலிலேயே எடுத்துவிட்டால் வீட்டுக்குள் இருக்கும் குழாய்களுக்கும் மேல்நிலைத் தொட்டிக்கும் காவல் இல்லாமல் போகும். குடிக்கும் இடத்தில் மட்டும் எடுப்பதே பெரும்பாலான வீடுகளுக்குச் சரி.

கிருமிகள். மூன்று வழிகள். குளோரின் மலிவானது, தண்ணீரில் தங்கிக் காவலும் இருக்கும். 1000 லிட்டர் தொட்டிக்கு லிட்டருக்கு 2 மி.கி. வீதம் வேண்டுமானால் 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் 40 மி.லி. வாசனையோ சலவைப் பொருளோ கலக்காததாக இருக்க வேண்டும். 30 நிமிடம் கழித்து எஞ்சிய குளோரின் 0.5 மி.கி. இருந்தால் போதுமான அளவு. அதற்குக் கீழே வந்தால் தண்ணீரில் குளோரினைத் தின்னும் அழுக்கு இருக்கிறது. பி.எச். 8-க்கு மேல் போனால் குளோரினின் வீரியம் வெகுவாகக் குறையும்.

யு.வி. (புற ஊதா ஒளி) விளக்கு எதையும் சேர்க்காது, எதையும் அகற்றாது. கிருமி பெருகும் திறனை அழிக்கும். ஆனால் ஒளி ஊடுருவ வேண்டும். இரும்பு 0.3-க்கும், கடினத்தன்மை 120-க்கும், கலங்கல் 1 அலகுக்கும் மேல் இருந்தால் முதலில் அவற்றைச் சரிசெய்யுங்கள். இல்லாவிட்டால் விளக்கைச் சுற்றியுள்ள குவார்ட்ஸ் குழாயில் படிவு ஏறி, விளக்கு எரிந்துகொண்டே இருக்க, கிருமி தாண்டிப் போய்விடும். யு.வி.க்குப் பின்னால் தண்ணீரைச் சேமித்து வைத்தால் காவல் ஏதும் இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். மின்சாரம் போனால் தண்ணீரை நிறுத்தும் சோலனாய்டு வால்வு இல்லாத யு.வி.யை வாங்க வேண்டாம்.

அல்ட்ரா ஃபில்டர், அதாவது யு.எஃப்., 0.01 முதல் 0.1 மைக்ரான் துளைகள் கொண்ட நுண்குழல் கற்றை. பாக்டீரியாவும் நீர்க்கட்டி உயிரிகளும் (ஜியார்டியா போல ஓட்டுக்குள் உறங்கும் ஒட்டுண்ணிகள்) தாண்டாது, மின்சாரம் வேண்டாம், தண்ணீர் வீணாகாது. உப்பு குறையாது. வைரஸ்களில் மிகச் சிறியவை பெரிய துளை வழியாகத் தப்பக்கூடும். உப்பு குறைவாகவும் கிருமிச் சந்தேகம் மட்டும் இருக்கும் வீட்டுக்குக் கார்பன், யு.எஃப்., யு.வி. மூன்றும் சேர்ந்த அமைப்பே போதுமானது. ஆர்.ஓ. விற்கப்படும் வீடுகளில் கணிசமானவற்றுக்கு உண்மையில் தேவை இதுதான்.

இரும்பும் மாங்கனீஸும். கரைந்த இரும்பைக் காற்றேற்றியோ குளோரின் போட்டோ துருவாக்கி, பிறகு வடிகட்ட வேண்டும். பர்ம் எனப்படும் ஊடகம் பி.எச். 6.8-க்குக் கீழே சரியாக வேலை செய்யாது. தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனும் வேண்டும். மாங்கனீஸ் இன்னும் பிடிவாதம். வெறும் காற்றுக்கு மசியாது. பர்மாங்கனேட்டோ, மாங்கனீஸ் டை ஆக்சைடு பூசிய ஊடகமோ தேவைப்படும்.

கடினத்தன்மைக்கு சாஃப்ட்னர்

சாஃப்ட்னரில் உள்ள ரெசின் மணிகள் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுகின்றன. ரெசின் நிரம்பியதும் உப்புக் கரைசல் விட்டுக் கழுவ வேண்டும். அளவைக் கணக்கிடுவது கடினமல்ல. 4 பேர், ஆளுக்கு 150 லிட்டர், கடினத்தன்மை 350 என்று வைத்துக்கொள்வோம்.

600 லிட்டர் × 350 மி.கி. = நாளொன்றுக்கு 210 கிராம் கடினத்தன்மை. 1 லிட்டர் ரெசினுக்கு 100 கிராம் உப்பு போட்டுக் கழுவினால் ஏறக்குறைய 45 கிராம் கடினத்தன்மையைப் பிடிக்கும். 25 லிட்டர் ரெசின் என்றால் 1125 கிராம். ஐந்தில் ஒரு பங்கைக் கையிருப்பாக ஒதுக்கினால் 900. ஆக 4 நாளுக்கு ஒருமுறை 2.5 கிலோ உப்பு. விற்பவர் சொல்லும் கொள்ளளவு இதைவிட மிக அதிகமாக இருந்தால், அவர் இரண்டு மடங்கு உப்பு போட்டுக் கிடைக்கும் எண்ணைச் சொல்கிறார் என்று பொருள்.

சாஃப்ட்னர் பொருத்திய மறுநாள் டி.டி.எஸ். மீட்டரை வைத்து, "ஒன்றும் குறையவில்லையே" என்று சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. குறையாது. ஒரு உப்பு போய் இன்னொன்று வந்திருக்கிறது, அவ்வளவுதான். சரிபார்க்கக் கடினத்தன்மைக் கிட்டின் சொட்டு மருந்து வேண்டும். கடினத்தன்மையில் குறையும் ஒவ்வொரு 100 மி.கி.க்கும் 46 மி.கி. சோடியம் கூடும். மேலே உள்ள உதாரணத்தில் அது 160 மி.கி.; சோடியம் குறைக்கச் சொல்லப்பட்டவர் வீட்டில் இருந்தால் குடிநீர்க் குழாயைச் சாஃப்ட்னருக்கு முன்பே பிரித்துவிடுங்கள், அல்லது பின்னால் ஆர்.ஓ. வையுங்கள்.

குழாயின் மேல் கம்பி சுற்றும் காந்தக் கருவிகளும் மின்னணுக் கருவிகளும் கடினத்தன்மையை அகற்றுவதில்லை. சொட்டு மருந்துச் சோதனையில் முன்னும் பின்னும் ஒரே எண்தான் வரும்.

ஆர்.ஓ.: எப்போது, எப்படி

டி.டி.எஸ். 1000-ஐ நெருங்கினால், அல்லது ஃபுளோரைடு, நைட்ரேட், ஆர்செனிக், ஈயம் எல்லை தாண்டினால் ஆர்.ஓ. சரியான விடை. அதன் உள்ளே இருக்கும் நல்ல மெம்பரேன் (நுண்சவ்வு) கரைந்த உப்பில் 90 சதவீதத்துக்கு மேல் தடுக்கும். நைட்ரேட்டை மற்ற பல உப்புகளைவிடக் குறைவாகவே தடுக்கும் என்பதால், அது எல்லைக்குப் பல மடங்கு மேலே இருந்தால் கருவி வைத்த பிறகும் ஆய்வகத்தில் பார்த்தே குடியுங்கள். ஆர்செனிக் இரு வடிவங்களில் வரும். மூவிணை வடிவம் மெம்பரேனைக் கணிசமாகத் தாண்டிவிடும். முன்கூட்டியே குளோரின் போட்டு ஐயிணை வடிவமாக மாற்றினால் நன்றாக நிற்கும். ஆனால் அதே குளோரின் மெம்பரேனை அரிக்கும். ஆகவே குளோரின், கார்பன், பிறகு ஆர்.ஓ. என்ற வரிசை கண்டிப்பானது.

'75 ஜி.பி.டி.' என்பது நாளொன்றுக்கு 75 அமெரிக்க கேலன், அதாவது 284 லிட்டர், மணிக்கு 12 லிட்டருக்குச் சற்றுக் குறைவு. இது 25 டிகிரி செல்சியஸ் நீரில், குறிப்பிட்ட அழுத்தத்தில் சொல்லும் எண். நீர் ஒவ்வொரு டிகிரி குளிரும்போதும் ஏறக்குறைய 3 சதவீதம் உற்பத்தி குறையும். உப்பும் அழுத்தத்தைத் தின்னும்: டி.டி.எஸ். ஒவ்வொரு 1000-க்கும் 0.7 பார். 2000 டி.டி.எஸ். நீரை 3 பார் அழுத்தத்தில் தள்ளினால் வேலை செய்வது பாதியளவுதான்.

கழிவு நீர் தவிர்க்க முடியாதது. 20 லிட்டர் குடிநீருக்கு, 25 சதவீத மீட்பில் (உள்ளே போகும் நீரில் நான்கில் ஒரு பங்கு குடிநீராக வந்தால்), 60 லிட்டர் வெளியே போகும். அதைக் குறைக்கிறேன் என்று கழிவுக் குழாயில் இருக்கும் ஃப்ளோ ரெஸ்ட்ரிக்டரை இறுக்குவதோ அடைப்பதோ மெம்பரேனைக் கொல்லும் வழி. 25 சதவீத மீட்பில் கழிவு நீரின் உப்பு மூல நீரைப் போல் 1.3 மடங்கு, 50 சதவீதத்தில் 2 மடங்கு, 75 சதவீதத்தில் 4 மடங்கு. கடினத்தன்மை அதிகமான நீர் அந்தச் செறிவில் மெம்பரேன் மேலேயே சுண்ணாம்பாகப் படியும். மீட்பை உயர்த்த விரும்பினால் முன்னால் சாஃப்ட்னர் வேண்டும். கழிவு நீரைத் தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் திருப்பிவிடுங்கள். செடிக்கு ஊற்றும் முன் அதன் உப்பளவைப் பாருங்கள்.

சுவைக்காக 'டி.டி.எஸ். கன்ட்ரோலர்' என்ற சிறு திருகை வைத்திருப்பார்கள். அது கனிமம் சேர்ப்பதாகச் சொல்லப்படும். உண்மையில் மெம்பரேன் வழியாகப் போகாத மூல நீரில் ஒரு பகுதியைச் சுத்த நீரோடு கலக்கிறது. உப்பு மட்டும் சிக்கல் என்றால் பரவாயில்லை. ஃபுளோரைடோ ஆர்செனிக்கோ காரணமாக ஆர்.ஓ. வாங்கியிருந்தால், எதை எடுக்கக் காசு கொடுத்தீர்களோ அதையே திரும்பக் கலக்கிறீர்கள். அந்தத் திருகை முழுக்க மூடிவிட்டு, கால்சைட் (சுண்ணாம்புக் கனிமம்) நிரப்பிய காட்ரிட்ஜ் ஒன்றைக் கடைசியில் சேர்ப்பதே சரி.

படி 6: வரிசை

மணல் வடிகட்டி, இரும்பு நீக்கி, சாஃப்ட்னர். இது வீட்டு நுழைவுக்கு. அதன் பிறகு சமையலறையில் 5 மைக்ரான், கார்பன், ஆர்.ஓ., சேமிப்பு, யு.வி. உங்கள் தண்ணீருக்குத் தேவையில்லாத கட்டத்தை எடுத்துவிடலாம், வரிசையை மாற்றக் கூடாது. இரும்பு நீக்கிக்கு முன் சாஃப்ட்னர் வைத்தால் ரெசின் மணிகள் துருப் பூசிச் செத்துப்போகும். சேமிப்புக்கு முன் யு.வி. வைத்தால் தொட்டியில் வளரும் கிருமிகளை யாரும் பார்க்க மாட்டார்கள்.

படி 7: ஓட்டமும் அழுத்தமும்

10 மீட்டர் உயரத்துக்கு 1 பார் அழுத்தம். மேல்நிலைத் தொட்டி குழாயைவிட 6 மீட்டர் உயரத்தில் இருந்தால் 0.6 பார் மட்டுமே. ஆர்.ஓ.வுக்கு 3 பார் அளவில் வேண்டும் என்பதால் பூஸ்டர் பம்ப் இல்லாமல் நடக்காது. நுழைவு ஃபில்டர்களும் ஒவ்வொன்றும் கொஞ்சம் அழுத்தத்தைப் பிடித்துக்கொள்ளும். தொட்டிக்கு அப்புறம் அவற்றை வைத்தால் மேல்மாடி ஷவர் சொட்டும். முடிந்தால் பம்புக்கும் தொட்டிக்கும் இடையில் வையுங்கள்.

10 லிட்டர் வாளி எத்தனை விநாடியில் நிறைகிறது என்று பாருங்கள். 30 விநாடி என்றால் நிமிடத்துக்கு 20 லிட்டர். மணல் ஃபில்டர் வாங்குவதாக இருந்தால் இந்த எண்ணே தலையெழுத்து. பேக்வாஷ் (தண்ணீரை எதிர்த்திசையில் விட்டுக் கழுவுவது) செய்ய மணலைத் தூக்கி அலச வேண்டும், 25 செ.மீ. விட்டமுள்ள தொட்டிக்கு நிமிடத்துக்கு 25 முதல் 30 லிட்டர் தேவை. உங்கள் பம்ப் 20 கொடுத்தால், பேக்வாஷ் நடப்பது போலத் தெரியும், ஆனால் அழுக்கு வெளியேறாது. சில மாதத்தில் உள்ளே சேறு கட்டியாக இறுகிவிடும். பெரிய ஃபில்டர் நல்லது என்ற எண்ணம் இங்கே எடுபடாது. பம்ப் அலசக்கூடிய விட்டத்தைத் தேர்ந்தெடுங்கள்.

படி 8: வாங்கும் முன் கேட்க வேண்டியவை

என்.எஸ்.எஃப்./ஆன்சி என்ற அமெரிக்கத் தரச் சான்று இருந்தால் எண்ணைப் பாருங்கள். 42 என்பது சுவை, வாசனைக்கு, 53 உடல்நலம் சார்ந்த மாசுகளுக்கு, 58 ஆர்.ஓ.வுக்கு, 44 சாஃப்ட்னருக்கு, 55 யு.வி.க்கு. '53 பெற்றது' என்று மட்டும் சொன்னால் போதாது, எந்த மாசுக்கு என்று சான்றில் எழுதியிருக்க வேண்டும். நீர்க்கட்டி உயிரிக்குப் பெற்ற சான்றைக் காட்டி ஈயமும் போகும் என்று விற்பது நடக்கிறது. யு.வி.யில் கிருமியுள்ள கிணற்று நீருக்குச் சதுர செ.மீ.க்கு 40 மில்லி ஜூல் அளவு தரும் ஏ வகுப்பு வேண்டும். பி வகுப்பின் 16 ஏற்கெனவே பாதுகாப்பான நீருக்குத்தான்.

காட்ரிட்ஜும் மெம்பரேனும் பொது அளவா, அந்த ஒரே நிறுவனத்தின் பூட்டு அளவா என்று கேளுங்கள். பூட்டு அளவு என்றால் கருவியின் விலையைப் பார்க்காமல் 5 ஆண்டுக்கான மாற்றுப் பாகங்களின் விலையைக் கூட்டிப் பாருங்கள்.

படி 9: பொருத்தும் நாள்

ஒவ்வொரு கருவிக்கும் முன்னும் பின்னும் வால்வு, சுற்றிப் போகும் பைபாஸ், மாதிரி எடுக்கச் சிறு குழாய், அழுத்தமானி இவற்றைக் கேட்டு வாங்குங்கள். கழிவுக் குழாய் சாக்கடைக்குள் மூழ்கி நிற்கக் கூடாது. இடையில் காற்று இடைவெளி விட வேண்டும். ஆர்.ஓ. நீர் உலோகத்தை அரிக்கும் தன்மையுள்ளது என்பதால் அதன் பின்னால் செம்பு, பித்தளை இணைப்புகள் வேண்டாம். உணவுத்தரப் பிளாஸ்டிக்கோ துருப்பிடிக்காத எஃகோ போதும். காற்றழுத்தச் சேமிப்புத் தொட்டியாக இருந்தால், காலியாக இருக்கும்போது அதன் அழுத்தம் 7 பி.எஸ்.ஐ. அளவில் இருக்கிறதா என்று டயர் மானியில் பாருங்கள். புதுக் கார்பனிலிருந்து கரும்பொடி வரும். அதை மெம்பரேனுக்குள் விடாமல் தனியாக ஓடவிட்டுக் கழுவ வேண்டும். ஆர்.ஓ.வின் முதல் இரண்டு தொட்டி நீரைக் குடிக்காமல் கொட்டிவிடுங்கள்.

பழைய மேல்நிலைத் தொட்டியையும் குழாயையும் அன்றே குளோரினால் கழுவுங்கள். 1000 லிட்டருக்கு 5 சதவீதக் கரைசல் 1 லிட்டர் விட்டால் 50 மி.கி. செறிவு கிடைக்கும். எல்லாக் குழாயிலும் குளோரின் வாசனை வரும் வரை திறந்து மூடி, 12 மணி நேரம் வைத்திருந்து வாசனை போகும்வரை ஓடவிடுங்கள். அந்த நேரத்தில் கார்பன், சாஃப்ட்னர், ஆர்.ஓ. எல்லாம் பைபாஸில் இருக்க வேண்டும்.

படி 10: கெடுவதும் கண்டுபிடிப்பதும்

காட்ரிட்ஜை நாட்காட்டி பார்த்து மாற்றுவதைவிட அழுத்தமானி பார்த்து மாற்றுவது நல்லது. முன்னும் பின்னும் உள்ள வித்தியாசம் 0.7 பார் ஆகிவிட்டால் காலம் முடிந்தது. கார்பனுக்கு இந்த அடையாளம் கிடையாது. அடைபடும் முன்பே அதன் உறிஞ்சும் திறன் தீர்ந்துவிடும். பிறகு கிருமிகள் தங்கும் இடமாகவும் ஆகும். ஆகவே தயாரிப்பாளர் சொன்ன லிட்டர் அளவை மீறாதீர்கள். குளோரின் உள்ள நீரில் மலிவான சோதனைத் தாள் போதும்: கார்பனுக்குப் பின் குளோரின் தெரிந்தால் அன்றே மாற்றுங்கள், இல்லாவிட்டால் அடுத்துச் சாவது மெம்பரேன்.

மெம்பரேனுக்கு மட்டும் டி.டி.எஸ். மீட்டர் உண்மையில் பயன்படும். உள்ளே 800, வெளியே 60 என்றால் தடுப்புத் திறன் 92.5 சதவீதம். பொருத்திய அன்று எழுதி வைத்து, மாதம் ஒருமுறை பாருங்கள். 80-க்குக் கீழே இறங்கினால் மாற்ற வேண்டும். காலையில் வரும் முதல் தம்ளரில் எண் கூடுதலாகத் தெரிவது இயல்பு. கருவி நின்றிருக்கும்போது உப்பு மெல்லக் கடந்து வந்திருக்கும். ஐந்து நிமிடம் ஓடிய பிறகு அளக்கவும். உற்பத்தி குறைந்து தடுப்புத் திறன் நன்றாகவே இருந்தால் மெம்பரேனைக் குறை சொல்வதற்கு முன் முன்வடிகட்டி, பம்ப், தொட்டியின் காற்றழுத்தம் மூன்றையும் பாருங்கள். உற்பத்தி கூடி, தடுப்புத் திறன் விழுந்தால் குளோரின் அரித்துவிட்டது. கழிவுக் குழாயில் தண்ணீர் நிற்காமல் ஓடினால் பெரும்பாலும் 'நான்-ரிட்டர்ன்' வால்வோ (நீரைத் திரும்பி ஓடவிடாதது), தானாக மூடும் வால்வோ கெட்டிருக்கும்.

யு.வி. விளக்கு 9000 மணி நேரத்துக்கு மேல் நீலமாக எரிந்துகொண்டுதான் இருக்கும், ஆனால் கிருமியைத் தாக்கும் 254 நானோமீட்டர் ஒளி மங்கியிருக்கும். எப்போதும் எரியும் விளக்கை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். குவார்ட்ஸ் குழாயைக் கழற்றி வினிகரில் துடைத்து, விரல் படாமல் திருப்பி மாட்டுங்கள்.

சாஃப்ட்னரில் உப்புத் தொட்டியின் மேலே மட்டும் உப்பு இறுகிப் பாலம் போல் நின்று, கீழே வெறும் தண்ணீர் இருப்பதுண்டு. உப்பு குறையவே இல்லை, தண்ணீரோ கடினமாக வருகிறது என்றால் மரக்கட்டையால் மெல்லக் குத்தி உடையுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் வீட்டைப் பூட்டிச் செல்வதானால் நுழைவு வால்வை மூடி, ஆர்.ஓ. தொட்டியைக் காலி செய்துவிட்டுப் போங்கள். திரும்பி வந்ததும் கார்பனைக் கடந்து வரும் நீரைச் சில நிமிடம் ஓடவிட்டு, ஆர்.ஓ. தொட்டியை ஒருமுறை நிரப்பிக் கொட்டிய பிறகே குடியுங்கள். கிணற்று நீர் வீடுகளில் ஈ.கோலை, நைட்ரேட் சோதனையை ஆண்டுதோறும் செய்ய வேண்டும். வெள்ளம் கிணற்றைத் தொட்டிருந்தால் ஆண்டு முடியக் காத்திராமல் உடனே.